வரிசை எண் பதினான்கு

சொஹாரில் மே மாதம்.
காலை ஏழரைக்கே கார்க் கதவின் கைப்பிடி சுடுகிறது.
பையில் தராசு, வெப்பமானி,
முப்பத்தொரு வரிசை கொண்ட படிவம்,
எனக்கு இரண்டு குபூஸ், ஒரு டப்பா டூனா.
பள்ளிச் சாப்பாட்டை நான் சாப்பிடக் கூடாது.
ருசி பார்க்க ஒரு கரண்டி உண்டு.
கரண்டியும் நான்தான் கொண்டுபோக வேண்டும்.

சமையற்கட்டில் இன்னாசிமுத்து
என்னைக் கண்டதும் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார்.
போன தடவை நெற்றியில் மூன்று முடி.
எழுதியிருந்தேன்.
"வாங்க மேடம்" என்ற குரலில்
உப்பு அளவாகத்தான் இருந்தது.

சாம்பார் அறுபத்தாறு டிகிரி. சரி.
எண்ணெய் டின்னில் தேதி. சரி.
சர்க்கரை பூட்டிய அலமாரியில்,
சாவி தலைமையாசிரியையின் மேசையில். சரி.
பயறு, பிள்ளைக்கு முப்பது கிராம்.
அள்ளி நிறுத்தேன். முப்பத்திரண்டு.
"ரெண்டு கூடுனா குத்தமா மேடம்?"
குற்றமில்லை. குறைந்தால்தான்.

பதினான்காம் வரிசை:
காய்கறி கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

தட்டில் உள்ளங்கை அகலத்தில் இரண்டு தோசை.
காய் எங்கே?
"உள்ள கெடக்கு."
உள்ளே என்றால்?
"மாவுல. கேரட்டு, சுரைக்கா, கொஞ்சம் கீரை.
ராத்திரி பதினோரு மணிவரைக்கும் துருவுனேன்.
தெரிஞ்சா ஒதுக்கிருதுவ மேடம்.
நாலு மாசமா பீன்ஸ கொட்டிக் கொட்டி
எனக்கே வெறுத்துப்போச்சு."
பெருவிரலில் துருவி கடித்த இடத்தில் பிளாஸ்டர்.
நீல நிறம்.
சோற்றில் விழுந்தால் தெரிய வேண்டுமாம். அதுவும் சரி.

பத்துப் பத்துக்கு மணி.
ஒன்று முதல் ஐந்துவரை, முந்நூற்றுப் பன்னிரண்டு தட்டு.
நான் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பேன்,
வேலையில் பாதி அங்கேதான்.
இரண்டாம் வகுப்பு துஃபைல்,
என் கண்ணில் படாமல் தட்டைச் சாய்ப்பதில் தேர்ந்தவன்,
இன்று விரலை நக்கிக்கொண்டு போனான்.
அஃப்ரா இன்னொரு தோசை கேட்டாள்.
இன்னொன்றுக்கு விதியில் இடமில்லை.
இன்னாசிமுத்து என்னைப் பார்த்தார்.
நான் வெப்பமானியைத் துடைத்தேன்,
துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

தொட்டியை நிறுத்தபோது அறுநூறு கிராம்.
போன மாதம் பதினொரு கிலோ.

காரில் ஏசி போட்டு, டூனா டப்பாவைத் திறந்து,
படிவத்தை ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டேன்.
பதினான்கில் இரண்டே கட்டம்: உண்டு, இல்லை.
யார் கண்ணுக்கு என்று படிவம் கேட்கவில்லை.
இல்லை என்று குறித்தேன்.
கீழே எழுதினேன்:
காய்கறி தட்டில் தெரியவில்லை.
குப்பையிலும் தெரியவில்லை.
கையெழுத்தில் எண்ணெய் பட்டுவிட்டது, என் டூனாவின் எண்ணெய்.

திங்கட்கிழமை மஸ்கட்டிலிருந்து பதில்.
குறிப்புகள் மதிப்பெண்ணில் சேரா.
ஒப்பந்தக்காரருக்கு எச்சரிக்கைக் கடிதம்,
நகல் சமையற்காரருக்கு.

இரண்டு வாரம் கழித்துப் போனேன்.
கடிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு
அடுப்புக்கு மேலே ஒட்டியிருந்தார்.
அதே தோசை. ஒவ்வொன்றின் நடுவிலும்
நூறு பைசா அகலத்தில் ஒரு கேரட் வட்டம்.
"தெரியுதா மேடம்?"
குரலில் இந்தத் தடவை உப்பே இல்லை.
தெரிகிறது என்றேன்.
உண்டு என்று குறித்தேன்.

பிள்ளைகள் இரண்டு விரலால் எடுத்தார்கள்,
சட்டையில் விழுந்த பூச்சியை எடுப்பதுபோல.
துஃபைல் நான்கடி தள்ளி நின்று எறிந்தான்,
சரியாகத் தொட்டிக்குள். நாலு பேர் கைதட்டினார்கள்.
தோசை எல்லாம் போய்விட்டது.

நிறுத்தேன். மூன்று கிலோ எழுநூறு.
"களுவி வச்சா நாளைக்கும் ஆகும்," என்றார்.
சிரித்தாரா என்று பார்த்தேன்.
இருபத்திரண்டாம் வரிசை அதைத் தடுக்கிறது, சொன்னேன்.
"தெரியும் மேடம்."

முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று.
ஷொஹாக் பையை முடிந்து தூக்கினான்.
மெல்லிய பிளாஸ்டிக்கின் உட்புறம் ஒட்டிக்கொண்டு
ஆரஞ்சு வட்டங்கள்.
வாசல் வெயிலில்
நன்றாகவே தெரிந்தன.