எழுபத்தோராம் வரிசை

டி டூர்ன்ஸில் பிப்ரவரி. மலை உச்சியில்
ஒரு பொட்டுப் பனி இல்லை.

விதையில்லாத் தாய், விதையில்லாத் தகப்பன்;
எட்டாம் வாரம் பிஞ்சைக் கீறி
எள்ளில் பாதி இருந்த கருவை எடுத்துக்
கண்ணாடிக் குழாயில் கூழூட்டி வளர்த்தது நான்தான்.
அது நாலு வருஷத்துக்கு முன்பு.

இன்று ஃப்ரான்சினா கடிக்கிறாள், நான் எழுதுகிறேன்.
"தோல் தடிப்பு." தள்ளு.
"வெறும் தண்ணி." தள்ளு.
முப்பத்தெட்டாவது கொடியில் நின்றுவிட்டாள்.
இன்னொன்று பறித்து என்னிடமும் நீட்டினாள்:
ரோஜாவும் மிளகும் கலந்த மாதிரி ஏதோ,
பிறகு பல்லில்
நறுக்கென்று ஒன்று.

இரண்டு பேரும் பேசவில்லை.
தண்டில் சிவப்பு வண்ணம்.
படிவத்தின் அடியில் கோவெண்டர் என்று கையெழுத்து.
வெள்ளிக்கிழமை வேரோடு பிடுங்குவார்கள்.

துப்புவதற்குத்தான் வாளி வைத்திருக்கிறோம்.
விழுங்கிவிட்டேன்.