மூன்றாவது மணி நேரம்

திங்கள், புதன், வெள்ளி.
ஜெலுத்தோங்கில் டயர்க்கடைக்கு மேல்மாடி.
எட்டு நாற்காலி, எட்டு இயந்திரம்,
ஒரே ஜன்னல்; அதிலும் பாதி ஏர்கோன் பெட்டி.

என் ரத்தம் வெளியே போய்க்
குளித்துவிட்டு வர நாலு மணி நேரம்.
முதலாவது பேச்சு. இரண்டாவது தூக்கம்.
மூன்றாவதில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்,
ஈரத்துணியைப் பிழிகிறவள் கைபோல.
நாலாவதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

பக்கத்து நாற்காலி எட்வின் சவரிமுத்து.
நட்மெக் செவனில் ரிதம் கிட்டார்.
ஏழு பேர் பேண்ட்; கேசட் அட்டையில் ஆறு முகம்.
பாடகனின் தோளுக்குப் பின்னால்
ஒரு கிட்டார் கழுத்து மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறதே,
அதுதான் நான் என்றார்.
வருத்தமாகச் சொல்லவில்லை,
வீட்டு நம்பர் சொல்வதுபோல் சொன்னார்.

பாகானிலிருந்து தினம் சாயங்கால ஃபெரியில்
தீவுக்கு வாசிக்கப் போனவராம்.
நான்தான் அப்போது கவுண்டரில்
நோட்டை வாங்கிச் சில்லறை தள்ளியவள்.
எத்தனை நூறு தடவை பார்த்திருப்பேன்!
பார்க்கவில்லை.
கண்ணாடிக்குக் கீழே அந்த ஓட்டையில்
விரல்கள்தான் வரும், முகம் வராது.
கையை நீட்டுங்கள் என்றேன்.
நீட்டினார்.
கட்டைவிரல் நகம் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது.
ஞாபகம் வந்ததாகப் பொய் சொன்னேன்.

ஒரு புதன்கிழமை கிட்டாரோடு வந்தார்.
எலெக்ட்ரிக்தான்; வயர் இல்லை, பெட்டி இல்லை.
இடது கையில் இரண்டு ஊசி, மடக்கக்கூடாது.
வலது கை சும்மா இருந்தது.
கழுத்தை என் நாற்காலிக் கைப்பிடியில் சாய்த்து,
"உங்க வலது கையும் சும்மாதானே" என்றார்.
டியூபில் பட்டால் இரண்டு பேரையும்
கீழே டயர்க்கடைக்கு அனுப்பிவிடுவேன் என்றார்
மிஸ்ஸி நோர்லைலா.

நான் கம்பியை அழுத்தினேன்.
அழுத்தாதீங்க என்றார்.
கையை எடுத்தேன்.
எடுக்கவும் கூடாதாம்.
நடுவில் ஓர் இடம் இருக்கிறது,
காய்ச்சல் பார்க்க நெற்றியில் கை வைப்போமே,
அவ்வளவுதான்.
அங்கே கம்பி பாடாது. ஊமையாகவும் இருக்காது.
சிக். சிக்கச் சிக்.
பல்லி ஓடுகிற அளவுக்குத்தான் சத்தம்.

இதுதான் ஃபங்க்.
ஒரு சுற்றைப் பதினாறாக உடைத்து
பதினொன்றை விழுங்கிவிட வேண்டும்.
ஒரு நாளைக்கு
அரை லிட்டர் தண்ணீரில் வாழ்கிறவர்களுக்கு
விழுங்காமல் இருக்கத்தான் தெரியும்;
இது வேறு விதமான விழுங்கல்.

இசை நோயைத் தீர்க்கும் என்று யாராவது வந்தால்
என் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் கையில் கொடுப்பேன்.
அது இறங்கவில்லை. இறங்கப்போவதும் இல்லை.
ஆனால் அன்றைக்கு
எதிர் நாற்காலி ஆ ஹெங்கின் பெருவிரல்
போர்வைக்குள் ஆடியதைப் பார்த்தேன்.
மணி பார்த்தேன்.
நாலாவது மணி நேரம் தொடங்கி இருபது நிமிடம்.
பிழிகிறவள் வராமலே போயிருந்தாள்.

பிறகு அவரை விடிகாலை ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்கள்.
அவர் போகும் நேரம் நான் வரும் நேரம் இல்லை.
அந்த நாற்காலியில் இப்போது
போன் பார்க்கும் பையன் ஒருவன், காதில் பஞ்சுபோல் ஏதோ.

இரவில் தூக்கம் வராவிட்டால்
முழங்கைக்கு உள்பக்கம் விரல் வைப்பேன்.
ஊசி போடவென்று இரண்டு நரம்பைச் சேர்த்துத் தைத்த இடம்,
எந்நேரமும் ஒரு ரீங்காரம்.
டாக்டருக்கு அது ரத்த ஓட்டம்.
எட்வின் காது வைத்துக் கேட்டு,
கொஞ்சம் சுருதி இறங்கியிருக்கு,
பரவாயில்லை, வாசிக்கலாம் என்றிருந்தார்.

போன வெள்ளி, மூன்றாவது மணி நேரம்.
கெண்டைக்காலில் முதல் முறுக்கு.
என் வலது கை தானாகக் கைப்பிடிக் கம்பிக்குப் போனது.
அழுத்தாமல். எடுக்காமல்.
சிக்.

"யாரது சத்தம்?" என்றார் நோர்லைலா.
ஆ ஹெங் கண்ணை மூடிக்கொண்டார்.