நான்காவது ரொட்டி

வாயைத் திறங்கள் என்றால்
பலர் முதலில் மன்னிப்புக் கேட்பார்கள்.
யிர்ஷினா கேட்கவில்லை.
கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு
சுங்கச் சாவடியில் பெட்டியைத் திறப்பவள்போல்
முகத்தைச் சன்னல் பக்கம் வைத்துத் திறந்தாள்.

வயது நாற்பத்தொன்று.
வேலை, ஆஸ்திராவா டிராம் பணிமனையில் கணக்கு.
குறை என்ற இடத்தில்
அவள் பெயரையே மறுபடி எழுதினேன்.

அதன் நடுவில் செக் மொழியின் அந்த முள் இருக்கிறது,
ரகரம் அதிரும்போதே ஷகரமும் சீற வேண்டும்.
ஐந்து வயதில் சிலருக்கு வந்துவிடும்.
சிலருக்கு அது வராமலே கல்யாணம் ஆகிவிடும்.
தன்னை இனா என்று சொல்லிப் பழகியிருந்தாள்.

மூக்கின் கீழே கண்ணாடி வைத்தேன்.
இடப்பக்கம் பனி பெரிது, வலப்பக்கம் காசளவு.
முன்பற்களின் இடைவெளி நாற்பத்திரண்டு மில்லிமீட்டர், போதும்.
தாடை திறக்கும்போது இடப்புறம் ஒதுங்கி
ஒரு சின்ன டக், பிறகு நேராகிறது.
நாக்கடி நரம்பு குட்டையில்லை.
ஒரு மிடறு தண்ணீர் கொடுத்து
உதடுகளை விரலால் விலக்கிப் பார்த்தேன்.
விழுங்கும் ஒவ்வொரு தடவையும் நாக்கு வந்து பல்லை முட்டியது,
வெளியே திறக்கும் கதவை உள்ளிருந்து
இழுத்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டே,
அதற்கு நேர் எதிராக.

நரம்பில்லாத நாக்கு நாலும் பேசும் என்கிறார்கள்.
இங்கே வந்து பார்க்கட்டும்.

நாக்கை மட்டும் தூக்குங்கள் என்றேன்.
தாடையும் கூடவே எழுந்தது.
மறுபடி என்றேன். மறுபடியும் எழுந்தது.
நாக்கு சோம்பேறியல்ல.
தூக்கிச் சுமந்த கைக்கு
இறக்கிவிட யாரும் சொல்லித் தரவில்லை.

படிவத்தில் கடைசிக் கேள்வி:
எந்தச் சொற்களைத் தவிர்க்கிறீர்கள்?
கடையில் ரொட்டி நான்கு வாங்குவேன் என்றாள்.
வீட்டில் எத்தனை பேர்?
அப்பா, மகன், நான்.
அப்புறம்தான் எனக்கு உறைத்தது,
எங்கள் மொழியில் மூன்று என்ற எண்ணிலும் அந்த முள்.
நான்காவது காய்ந்துபோகும்,
பொடித்துச் சூப்பில் போடுவேன் என்றாள்.
பதினெட்டு வருடச் சூப்பு.

கடைவாயில் பென்சில் கனத்துக்கு ஒரு கட்டை வைத்தேன்.
கடிக்க வேண்டாம், பிடித்திருந்தால் போதும்.
தாடைக்கு இப்போது வேறு வேலை கிடைத்துவிட்டது.
நாக்கு தனியாக நின்றது,
முதல் நாள் விடுதியில் விடப்பட்ட பிள்ளைமாதிரி.
எச்சில் வழிந்தது. சிரித்தோம், அவள் கொஞ்சம் தாமதமாக.

மேல்பல்லுக்குப் பின்னால் ஒரு மேடு உண்டு, அண்பல்.
அங்கே வேஃபர் துணுக்கை ஒட்டி
கரையும்வரை நாக்கை வைத்திருங்கள் என்றேன்.
இரவுத் தொலைக்காட்சிச் செய்தி முழுக்க வைத்திருந்தாளாம்.
மகன் கேட்டானாம், ஏன் கோபமா?

ஜனவரி போயிற்று. பிப்ரவரியில் ஒன்றுமே நடக்கவில்லை.
குதிரைக் குளம்பு, டகரம், டகரம் டகரம்,
மார்ச்சில் கீழே பன்னிரண்டாம் எண் டிராம் போகும்போது
என் மேசைக் கரண்டி நடுங்கியது,
அதே நேரத்தில் அவள் நாக்கு நுனியும்.
இரண்டு பேரும் கரண்டியைத்தான் பார்த்தோம்.

நேற்று சொன்னாள்.
கடையில் மூன்று என்று கேட்டிருக்கிறாள்.
வரிசையில் ஒருவரும் திரும்பவில்லை.
கடைக்காரப் பெண் தலை நிமிராமல்
எள்ளு போட்டதா, போடாததா என்றாளாம்.
அதைச் சொல்லும்போதுதான் யிர்ஷினா அழுதாள்,
எள்ளுக்கு அவள் தயாராக வரவில்லை.

களைத்த நாளில் காற்று இன்னும் இடப்பக்கம் கசிகிறது.
டக் அப்படியே இருக்கிறது, பல் மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தேன்.
கோப்பை மூடி விளக்கை அணைத்தபோது
என் தாடை இறுகியிருப்பது தெரிந்தது,
எத்தனை மணி நேரமாகவோ.
உதடு மூடி, பல் தொடாமல், நாக்கை மேலே வைத்தேன்.
வெளியே பனி.
மூக்கால் உள்ளே வந்தது.