சுற்றுவழி

பூட்டு சாவி கேட்டாள்.
தேர்தல் அலுவலர் கொடுத்தது பூசணிக்காய்.
"போகட்டும், ஊருக்குத் திருஷ்டி கழியும்" என்று
என் ஆட்டோவின் முன்கண்ணாடியில்
அவளே பசை தடவி ஒட்டினாள்.

சிறுகொன்றையூர் ஊராட்சித் தலைவர் பதவிக்கு
சிட்டாள், சுயேச்சை.
ஒலிபெருக்கி, பேட்டரி, நான்:
நாளுக்கு எண்ணூறு, டீசல் தனி.

கண்மாய்க் கரையில் நடந்தால் கால்மணி நேரம்,
அதோ ஈச்சங்கோட்டை.
காரைக்குடி சுற்றிப் போனால் இருபத்திரண்டு கிலோமீட்டர்.
எண்பத்தாறாம் வருடம் மாசி மஞ்சுவிரட்டில்
எந்த மாட்டுக்கு முதல் துண்டு என்பதில்
இரண்டு மண்டை உடைந்தது.
அன்றிரவே ஊர் கூடிச் சொன்னது:
அந்தக் கரைக்கு இனி
உப்பு கிடையாது, அரிசி கிடையாது, தீப்பெட்டி கிடையாது.
விற்றவனுக்கு ஐநூற்றொன்று.
அபராதத்தில் வாங்கிய அண்டாக்கள்
அம்மன் கோயில் மடப்பள்ளியில் கவிழ்ந்து கிடக்கின்றன,
ஒவ்வொன்றிலும் குற்றவாளியின் பெயர் வெட்டி,
பக்கத்தில் 'உபயம்' என்று.

செம்புறாங்கல் மேட்டில் ஏறி நின்று பேசினாள்:
"சமாதானம் பேச வரலை.
அவங்க நல்லவங்கன்னும் சொல்லலை,
உடைஞ்ச மண்டையில ஒண்ணு எங்க சித்தப்பாவோடது.
முட்டைக் கணக்குப் பேச வந்திருக்கேன்.
நம்ம கோழி முட்டை அஞ்சு ரூபாய்க்குக்
காரைக்குடி பஸ்ஸில ஏறுது.
தரகன் கை மாறி
ஈச்சங்கோட்டைக்காரன் தட்டுல ஏழு ரூபாய்க்கு விழுது.
அவன் திங்கறது நம்ம முட்டைதான்.
ரெண்டு ரூபாயைத் தின்னது யாரு?
ஜெயிச்சா அடுத்த புதன்கிழமை
கண்மாய்க் கரை மேல சந்தை."

எதிர்த்து நிற்கும் சேவுகப்பெருமாள்,
பலசரக்குக் கடை, கட்டில் சின்னம்,
கூட்டத்திலேயே எழுந்தார்.
"முப்பத்தெட்டு வருசம் பட்டினி போட்டிருக்கோம்.
இன்னிக்கு விட்டா
இத்தனை நாளும் வீணுன்னு ஆகாதா?"
"என்ன பட்டினி? அங்க மூணு மாடி கட்டிட்டானுங்க"
என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.
"அப்ப இன்னும் இறுக்கணும்" என்றார்.
கைதட்டல் அவருக்குத்தான்.
நான் ஒயரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

என்னைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும்.
இதே ஆட்டோ இரவு பதினொன்றுக்கு மேல்
விளக்கை அணைத்துவிட்டுக் கரை ஏறும்.
கேஸ் குடோன் எங்கள் பக்கம்,
சிலிண்டருக்குக் கூலி முந்நூறு.
இன்சுலினுக்கு நூறு.
ஒருமுறை பிரசவ வலியோடு ஒரு பெண்,
அதற்கு மட்டும் பாதி வாங்கினேன்.
என் வீட்டுச் சுவர் பூசியது
இந்தத் தடையின் சிமென்ட்.

மதகுப் பக்கம் வண்டி திரும்பும்போது
மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டாள்:
"நான் ஜெயிச்சா
உன் ராத்திரி வரும்படி போயிருமே, வயிரவா?"
எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.
"வாடகையை ஒழுங்காக் குடுங்கக்கா" என்றேன்.
சிரித்தாள். மைக்கைப் போட்டாள்.
பூசணிக்காய், பூசணிக்காய் என்று
தண்ணீர் மேல் போனது குரல்.
அக்கரையில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள்
மண்வெட்டியை ஊன்றி நின்று கேட்டார்கள்.
அங்கே அவளுக்கு ஓட்டு இல்லை.

வாக்குச்சாவடியில் அட்டை மறைப்புக்குள்
முத்திரையைப் பிடித்தபடி
நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்பது
அதிகாரிக்குத் தெரியும். இரண்டு தரம் இருமினார்.

பதினோரு ஓட்டில் தோற்றாள்.
செல்லாதவை பதினான்கு.
அதில் ஒரு சீட்டில்
கட்டிலுக்கு ஒரு குத்து, பூசணிக்காய்க்கு ஒரு குத்து,
இரண்டும் அழுத்தமாக.

அன்றிரவு அக்கரையிலிருந்து போன்.
"என்னப்பா ஆச்சு?"
"பழையபடிதான்."
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"அப்ப ரெண்டு சிலிண்டர் கொண்டா."

விளக்கை அணைத்தேன்.
நிலா வெளிச்சத்தில் கண்ணாடி காட்டிக்கொடுக்குமே என்று
பூசணிக்காயைக் கிழிக்கப் பார்த்தேன்.
ஓரம் மட்டும் நகத்தோடு வந்தது.
நல்ல பசைதான் தடவியிருக்கிறாள்.