செவ்வாய்க்கிழமைச் சக்கை

பீர் ஆலைக்குப் போகப் பதினோரு நிமிடம்,
வரப் பதினோரு நிமிடம்.
டிரெய்லர் நிரம்ப இருபது.
வால்புர்காவோடு நாலு வார்த்தை பேச,
சரி, ஐந்து.
சமையலறைக் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்து
உருளைக்கிழங்குத் தோல் சீவுகிறேன்.

மற்ற பெண்களுக்கு வாசனை போதும்,
கதவைத் திறந்ததுமே தெரிந்துவிடும்.
எனக்கு அந்த வசதி இல்லை.
என் கணவன் குடிக்காத நாளிலும்
ஆலை போலவே மணப்பான்,
கோட்டு, தலைமுடி, காதுமடல் வரைக்கும்.

ஊரில் கேலி:
ஃபைட் வளர்க்கும் காளைகள் தள்ளாடுகின்றனவாம்,
பொழுது சாய்ந்தால் பாடுகின்றனவாம்.
அவன் சிரிக்காமல் விளக்குவான்.
சக்கையில் போதை கிடையாது.
வெந்நீரில் ஊறிய பார்லி,
இனிப்பை வடித்துக்கொண்டு போனபின் கிடப்பது.
ஈஸ்ட் இதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.
ஒன்பது வருடமாக இதை
யாருக்கு விளக்குகிறான் என்பது எனக்குத் தெரியும்.

இன்று ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிட்டது.
உருளைக்கிழங்கு தீர்ந்தது. கேரட்டும்.
தேவையில்லாமல் ஒரு வெங்காயத்தையும் உரித்தேன்.
வேலியோரம் பத்தொன்பது மஞ்சள் காளைகள்
பாம்பெர்க் சாலைப் பக்கம் மூக்கை நீட்டி நிற்கின்றன.
அவற்றுக்கும் கிழமை தெரியும்.
காரை எடுத்தேன்.

சர்ச் வளைவில் டிரெய்லர் சாய்ந்து கிடந்தது.
சாலை அடைக்கச் சக்கை,
இன்னும் ஆவி பறக்க.
நடுவில், கணுக்கால் புதைய, மண்வெட்டியோடு அவன்.
"டயர்" என்றான்.
"போனை ஆலையிலேயே விட்டுட்டேன்."

என் முகத்தைப் பார்த்தான்.
நான் எதுவும் கேட்கவில்லை.
மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, குனிந்து,
என் முகத்தில் நீளமாக ஒரு மூச்சு விட்டான்.
காபி.
காலையில் தின்ற ஊறுகாய் மீன்.
வேறொன்றுமில்லை.
பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடித்தான்.

"இன்னொரு மண்வெட்டி இருக்கா?"
இல்லை. கையால் அள்ளினேன்.
உள்ளங்கை பொறுக்கும் சூடு.
சாலைக் கல் கலந்ததை மாட்டுக்குப் போட முடியாது,
இருவருக்கும் தெரியும்.
அள்ளி அள்ளி ஓரத்தில் குவித்தோம்.

டிரெய்லரில் தங்கியதுதான் அன்றைக்குத் தீனி,
தலைக்குப் பாதி.
வியாழக்கிழமை லாரியில் ஏறப்போகும்
நானூற்றுப் பதினேழுக்கு மட்டும்
அவன் அளவைக் குறைக்கவில்லை.