தூணுக்குப் பின்னால்

கார்வர் தெரு மைதானத்தில் எனக்கு வாய்த்ததெல்லாம்
தூணுக்குப் பின்னால் இருக்கை.
அறுபத்தைந்து சென்ட்.
தூண் மறைக்காத இடம் ஒன்றே கால் டாலர்.
உருக்காலையில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவனுக்கு
அந்த வித்தியாசத்தில்
ஒரு பியரும் ஒரு ஹாட் டாக்கும் இருந்தன.

பச்சைச் சாயம் பூசிய இரும்புத் தூண்.
பிட்ச்சருக்கும் பேட்டருக்கும் சரியாக நடுவே
பார்த்துப் பார்த்து நட்டிருந்தார்கள், புண்ணியவான்கள்.
பந்து கையை விட்டுக் கிளம்பும். தூணுக்குள் போகும்.
பிறகு சத்தம்தான்.
கையுறையில் விழுந்தால் ஈரத்துணியைக் கல்லில் அறைந்த மாதிரி.
பேட்டில் பட்டால்
அதை எதற்கும் ஒப்பிட மாட்டேன்.

இப்படித்தான் பார்த்தேன் ஓடெல் வாசரை.
வராத பேருந்துக்குக் காத்திருப்பவன் போல நிற்பான்.
இடது முழங்கால் மட்டும் லேசாக ஆடும்.
அலபாமாக்காரன். முதல் மூன்று வருடம்
ஏரிக்கரைப் பக்கம் அவனுக்கு வீடு தர ஆளில்லை.
கையெழுத்து வாங்க மட்டும் வரிசை நின்றது.
நானும் நின்றேன்.
அதை எழுதாமல் விட்டால் இது பொய்க்கணக்கு.

லெஸ்டர் குவிஸ்ட், இடக்கை.
ஆலைப் புகை எந்தப் பக்கம் சாய்கிறதென்று
அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வீசுவான்.
நாங்கள் விட்ட புகை.
"அவன் ஜெயித்ததில் பாதி நம் மூன்றாம் உலைக்குச் சேரணும்"
என்பான் காஸிமிர், என் மனைவியின் அண்ணன்.

வேறு ஊர்களுக்கும் போயிருக்கிறேன்.
ஒன்றில் ஹோம் ரன் நேராக ஆற்றில் விழும்,
துடுப்புப் படகில் பையன்கள் அடித்துக்கொள்வார்கள்.
இன்னொன்றில் சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கரி.
நான்காம் இன்னிங்ஸில் ரொட்டி வாசனை வந்துவிடும்,
அப்புறம் யார் ஸ்கோரைப் பார்ப்பது?

அந்த செப்டம்பர் ராத்திரிக்கு வருகிறேன்.
பதினோராவது இன்னிங்ஸ். மழை தூறலாமா என்று யோசிக்கிறது.
வாசரின் தோள் திரும்பியது தூணுக்கு இந்தப் பக்கம்.
சத்தம் தூணுக்குள்.
அந்தப் பக்கம் வெளியே வந்தபோது
பந்து ஏற்கெனவே விளக்குகளுக்கு மேலே இருந்தது.

கடிகாரத்துக்கு மேலே பறந்து போயிற்று என்பேன் நான்.
கடிகார முள்ளில் பட்டது, அதனால்தான்
ஒன்பது நாற்பத்திரண்டில் நின்றுவிட்டது என்பான் காஸிமிர்.
முப்பத்தோரு கிறிஸ்துமஸ் விருந்துகளில் இதே சண்டை.
லுட்மிலா பேசாமல் எங்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போவாள்,
நாங்கள் தின்று முடித்தோமோ இல்லையோ.

நுரையீரல் போய் அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது
முகமூடியை விலக்கிச் சொன்னான்:
"எமில், நான் பார்க்கவே இல்லை.
கழிப்பறை வரிசையில் நின்றேன்.
கூச்சல் கேட்டு ஓடி வந்தேன். எல்லாரும் எழுந்து நின்றார்கள்.
முதுகுகளுக்கு நடுவே அந்தக் கடிகாரம் தெரிந்தது.
அது மட்டும்தான்."

அந்தக் கடிகாரம் ஜூன் மாதமே பழுது.
மைதானத்தில் எல்லாருக்கும் தெரியும்.
"பட்டதுடா, காஸி" என்றேன். "முள்ளில்தான் பட்டது."
முகமூடியைப் பழையபடி மாட்டிவிட்டேன்.

இப்போது புது மைதானம். தூணே கிடையாது.
எந்த இருக்கையிலிருந்தும் எல்லாம் தெரிகிறது.
தெரியாததைத் திரையில் நாலு தடவை காட்டுகிறார்கள்.
வீட்டுக்கு வந்ததும் லுட்மிலா கேட்கிறாள், என்ன ஆச்சு என்று.
ஃபோனை எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன செவ்வாய், ஒரு பையன் பேட்டோடு வந்து நின்றான்.
முழங்கால் லேசாக ஆடியது.
என்னையறியாமல் தலையை இடப்பக்கம் சாய்த்து
எட்டிப் பார்த்தேன்.
பக்கத்து இருக்கைப் பெண் கேட்டாள்,
கழுத்து வலியா என்று.

ஆமாம் என்றேன்.