விரல்நுனி அளவு

கம்பத்தில் ஜீப் ஏறும்போது இன்னும் விடியவில்லை.
பதினாறு பேர். ஒருத்தி மடியில் ஒருத்தி.
என் மடியில் மட்டும் தூக்குவாளி.

வண்டன்மேட்டு ஸ்டோரில்
காய் பொறுக்கும் மேசைக்குக் கறுப்பு ரெக்சின்.
எட்டு மில்லிக் காய்க்கு நடுவே
என் முழங்கையிலிருந்து விழுந்தது,
வெள்ளையாய், மீன் செதிலாய்.
மேஸ்திரி பென்னிச்சன் ஒன்றும் சொல்லவில்லை.
ஊதினார்.
மறுநாள் சாக்குத் தைக்கிற அறைக்கு அனுப்பினார்.

தேனி ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் பெண்
சீட்டைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தாள்.
அடியில் ஒரு வரிசைச் செங்கல்.
"இங்கதான் செல் பிறக்கும்.
மேல வர ஒரு மாசம் ஆகணும்.
வர்ற வழியில உட்கருவைக்கூட இறக்கி வச்சிட்டு
தட்டையாகி, காய்ஞ்சு, ஓடு மாதிரி வந்து சேரணும்.
யாருக்கும் தெரியாம உதிரணும்.
உங்களுக்கு நாலே நாள்ல வந்துடுது."

புரிந்தது.
வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்துப் பறக்கிற
ராசாங்கத்தின் ஜீப் அது.
செக்போஸ்ட்டில் நிற்பதில்லை
பையை இறக்குவதில்லை.
மேலே வந்து ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்து
என் தோலில் கூட்டமாய் முழிக்கிறார்கள்
வேலை தெரியாத பிள்ளைகள்.
அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.
பதினாலு வயதில்
பள்ளிக்கூடப் பையிலேயே சோற்றை வைத்துக்கொண்டு
நானும் இப்படித்தான் மேலேறினேன்.

களிம்பு ட்யூபில் ஒரு பிதுக்கு:
ஆள்காட்டி விரல்நுனியிலிருந்து முதல் ரேகை வரை.
இரண்டு கை அகலத்துக்கு அது போதும்.
தேய்க்கத் தேய்க்க
கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கி
கொதித்து நிற்கும் ரத்தத்தைக் கலைந்து போகச் சொல்லி
அடி வரிசையில் போய்
என்ன பேசுமோ.
யாரும் என்னிடம் பேசாத மாதிரி
மெதுவாய்ப் பேசும் என்று நினைத்துக்கொள்வேன்.

முதுகுதான் எட்டவில்லை.
வீட்டுக்காரருக்கு மூக்கைப் பிடிக்கும்.
சாக்கு அறையில் ஓமனா ட்யூபைப் பிடுங்கினாள்.
"திரிஞ்ஞு நில்லு சௌடம்மா."
ஒட்டிக்கொள்ளும் என்று நான் இழுக்க,
"பகரில்லல்லோ" என்றாள்,
உப்பு போதுமா என்று கேட்கிற குரலில்.
கோணி ஊசி பிடித்துக் காய்த்த விரல்.
ஜாக்கெட்டை மாட்டிக்கொள்ள
வெகுநேரம் பிடித்தது எனக்கு.

மூன்றாம் வாரம்
முதுகு தட்டையாகிவிட்டதாம், பழைய டீக்கறை நிறமாம்.
அவள் சொல்லித்தான் தெரியும்.
முழங்கை அப்படியே.
திடீரென்று நிறுத்தினால் திரும்ப வரும்,
நிறுத்தாவிட்டாலும் வரலாம் என்றாள் டாக்டர்.
பொய் சொல்லாத பெண்.

இன்றைக்கு ஏழாம் வளைவில் ஜீப் கொதித்து நின்றது.
ராசாங்கம் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு
ரேடியேட்டரிடம் கெட்ட வார்த்தை பேசுகிறான்.
அரைச் சம்பளம் போச்சு என்று எல்லோரும் இறங்கி
ரோட்டைப் பார்த்து நிற்கிறார்கள்.
கீழே பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல்கள்மேல்
வெளிச்சம் வந்துகொண்டிருக்கிறது.
இங்கே ஏறிவர இன்னும் கொஞ்சம் நேரமாகும்.

ஒரு பாறையில் உட்கார்ந்து
சட்டைக் கையை முழங்கைக்கு மேலே
சுருட்டி வைத்திருக்கிறேன்.